மின்சார ஓவனுக்கு எந்த ஒயர், எத்தனை ஆம்பியர் எம்சிபி?

எங்கள் சமையலறையில் பில்ட்-இன் ஓவன் வைத்த பிறகு ஆரம்பித்த தொல்லை இது. இண்டக்‌ஷன் அடுப்பும் ஓவனும் சேர்ந்து ஓடினால் கொஞ்ச நேரத்தில் 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவுமீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) விழுந்துவிடும். பார்க்க வந்தவர், "25 போட்டுடலாம் சார், அப்புறம் விழவே விழாது" என்றார். விழாதுதான். ஆனால் அந்த எம்சிபி அங்கே இருப்பதே சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்றத்தான். ஒயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

நான் செய்தது, டிபி பாக்ஸிலிருந்து (எம்சிபிகள் உள்ள பெட்டி) ஓவனுக்கென்று தனி லைன் இழுத்தது. அதற்கான கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கை நீங்களே போடுங்கள், இணைக்கும் வேலையை உரிமம் உள்ள ஒயர்மேனிடம் விடுங்கள்.

படி 1: ஓவன் எவ்வளவு இழுக்கும்?

ஓவன் கதவைத் திறந்தால் ஓரத்திலோ, பின்பக்கத்திலோ ஒரு தகடு இருக்கும். அதிலுள்ள வாட்டை 230 ஆல் வகுங்கள். 3000 வாட் என்றால் 13 ஆம்பியர், 3500 வாட் என்றால் 15.2. மேசையில் வைக்கும் சின்ன ஓவனான ஓடிஜியின் 1500 வாட்டே 6.5 ஆம்பியர் வரும். அதனால் அதையும் 6 ஆம்பியர் பிளக்கில் போடக் கூடாது.

எங்கள் ஓவன் 3000 வாட், இண்டக்‌ஷன் 2000 வாட். இரண்டும் ஒரே லைனில் ஓடினால் கிட்டத்தட்ட 22 ஆம்பியர். எம்சிபி விழுந்ததில் அதன் குற்றம் எதுவும் இல்லை.

படி 2: எம்சிபி

ஓவனின் ஆம்பியருக்கு அடுத்து மேலே உள்ள அளவை எடுங்கள். 13 ஆம்பியருக்கு 16. ஹீட்டிங் காயிலுக்கு பி கர்வ் (திடீர் கரண்ட் ஏற்றத்தில் சீக்கிரம் விழும் வகை) போதும்.

பலர் தவறவிடும் ஒன்று: சாக்கெட் 16 ஆம்பியர் என்றால் எம்சிபியும் 16-ஐத் தாண்டக் கூடாது. 20 போட்டால் ஒயர் தாங்கினாலும் சாக்கெட் கருகலாம். 3500 வாட்டும் அதற்கு மேலும் போனால் பிளக்கே வேண்டாம் என்பது என் கட்சி. 20 ஆம்பியர் டபுள் போல் ஸ்விட்ச் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது) வைத்து நேரடியாக இணைத்துவிடலாம். ஓவன் இழுப்பது 20 ஆம்பியருக்குள் இருந்தால், அப்போது எம்சிபி 20.

படி 3: ஒயர் (இங்கே அவசரப்படாதீர்கள்)

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். 16 ஆம்பியர் எம்சிபி 16-ஐத் தாண்டிய நொடியே விழும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தரவிதிப்படி 1.13 மடங்கு வரை, அதாவது 18 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரத்துக்கு அது விழக் கூடாது. 1.45 மடங்கில், அதாவது 23 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். நடுவில் உள்ளதில் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. அவ்வளவு நேரமும் அந்தச் சூட்டை ஒயர்தான் தாங்க வேண்டும். அதனால் ஒயரின் தாங்குதிறன் எம்சிபி எண்ணுக்குக் குறையவே கூடாது.

ஒயரின் தாங்குதிறனும் ஒரே எண் இல்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு பிவிசி ஒயர், சுவருக்குள் பைப்பில், 30 டிகிரி வெப்பத்தில் 24 ஆம்பியர் தாங்கும் என்கிறது சர்வதேச மின் தரவிதி அமைப்பான ஐஇசியின் அட்டவணை. நம் ஊர் வெயிலுக்கு 40 டிகிரி என்று வையுங்கள், 0.87 ஆல் பெருக்க வேண்டும்: 20.9. அதே பைப்பில் இண்டக்‌ஷன் லைனும் போகிறது என்றால், ஒன்றின் சூடு மற்றதையும் சேர்வதால், இன்னொரு 0.80: 16.7. மூன்று லைன் சேர்ந்தால் 0.80-க்குப் பதில் 0.70, ஆக 14.6.

ஒரே ஒயர், ஒரே வீடு. பைப்பில் தனியாகப் போனால் 20 ஆம்பியர் எம்சிபிகூடப் பொருந்துகிறது, மூன்று லைனோடு நெருங்கிப் போனால் 16-க்கே போதவில்லை. "2.5 ஒயர் 20 தாங்கும்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

எங்கள் பைப்பில் இரண்டு லைன். 2.5 கணக்குக்குப் பொருந்தியது, ஆனால் மிச்சம் முக்கால் ஆம்பியர்கூட இல்லை. 4 சதுர மில்லிமீட்டர் என்றால் 32 × 0.87 × 0.80 = 22.3. நான் 4 வாங்கினேன். சுவரைக் கொத்தும் செலவோடு பார்த்தால் ஒயர் விலை வித்தியாசம் பெரிதல்ல. எர்த் ஒயரும் அதே அளவில் இருக்கட்டும்.

படி 4: இணைப்பு (ஒயர்மேன் வேலை, சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க)

மெயினை அணைத்துவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி ஒயரில் கை வைக்காதீர்கள். ஒயர் நுனிக்கு லக் போட்டு அழுத்தி, டெர்மினல் திருகை நன்றாக முடுக்குங்கள். முடுக்கிய பிறகு ஒயரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஒயர் சரி, எம்சிபி சரி, திருகு தளர்வு என்றாலும் அந்த இடம் சூடாகும். இதை எந்த எம்சிபியும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் கரண்ட் கூடுவதே இல்லை. முதல் முறை ஓவனை முக்கால் மணி நேரம் ஓடவிட்டு, கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைப் பாருங்கள். கருவி ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள், பெரும்பாலானவற்றில் வோல்ட்டும் பார்க்கலாம்.

பின்சேர்க்கை: கேட்கப்பட்ட இரண்டு கேள்விகள்

"எங்கள் பழைய வீட்டில் எம்சிபி இல்லை, ஃபியூஸ் கட்டைதான்." கம்பி கட்டும் ஃபியூஸ் உருக, அதன் அளவைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு கரண்ட் வேண்டும். மேலே உள்ள கணக்கை அதற்கு அப்படியே எடுக்காதீர்கள். ஓவன் லைனுக்காவது எம்சிபி வைத்துவிடுங்கள்.

"எம்சிபி விழவில்லை, ஆர்சிசிபி விழுகிறது." இது வேறு விஷயம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பார்ப்பது எர்த்துக்குக் கசியும் மின்சாரத்தை, ஓவர்லோடை அல்ல. நாள்கணக்கில் ஓவனைத் தொடாமல் வைத்திருந்தால், காயிலுக்குள் உள்ள மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரம் இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் இது அதிகம். ஆர்சிசிபியைத் தாண்டி இணைத்துக் காயவைக்கும் யோசனையைக் கேட்காதீர்கள், எர்த்தைக் கழற்றவும் விடாதீர்கள். ஓவனைத் தனியாகக் கழற்றி, ஒவ்வொரு காயிலையும் மெகரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) சோதிக்கச் சொல்லுங்கள். காய்ந்த பிறகும் கசிந்தால் அந்தக் காயிலை மாற்ற வேண்டியதுதான்.