சிலம்படிக்கு ஒரு கைக்கவசம்

என் வலது கைச் சின்னவிரல் இன்றும் முழுதாக மடங்காது. வாழைச்சேனையில் ஒரு பின்னேரம் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பழகும்போது, மற்றவரின் பிரம்பு என் கம்பின் மேலால் வழுக்கி வந்து விரலில் இறங்கியது. தடித்த வெல்டிங் கையுறைதான் போட்டிருந்தேன். கையுறையில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே எலும்பு முறிந்திருந்தது.

அம்மியில் வைத்த மிளகாயின் நிலைதான் விரலுக்கும். கீழே கம்பு, மேலே அடி. எவ்வளவு மெத்தை வைத்தாலும் நசுங்கத்தான் செய்யும். ஆகவே கவசத்தின் தகடு விரலில் படுக்கக்கூடாது, கம்பில் ஊன்றி நிற்க வேண்டும். அப்போது அடியின் பாரம் தகட்டின் வழியே கம்புக்குப் போய்விடும்.

1966இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய, இடைக்கால ஐரோப்பிய வாழ்க்கையை நடித்துப் பார்க்கும் சொசைட்டி ஃபொர் கிரியேட்டிவ் அனாக்ரனிசம் அமைப்பினர், கவசம் அணிந்து பிரம்பால்தான் மோதுகிறார்கள். அவர்களில் பலர் அணியும் மூடுகைக் கவசமும் இப்படித்தான் வேலை செய்கிறது.

நான் ஃபைபர் தோணி கட்டுபவன். முதலில் ஃபைபரில்தான் வார்த்தேன். பத்துப் பதினைந்து அடியில் வெடித்து, சிலும்பு தோலில் ஏறியது. வேண்டாம். நீல பிளாஸ்ரிக் பரலே (பீப்பாய்) நல்லது, அடி வாங்கினால் வளையும், உடையாது. மருந்து வந்த பரலைத் தொடாதீர்கள். வினாகிரி வந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

உள்கையுறையைப் போட்டுக் கம்பை இறுக்கிப் பிடியுங்கள். சீமெந்துப் பைத் தாளை அந்தக் கைமேல் சுற்றி அளவெடுங்கள். புறங்கைக்கு ஒரு தகடு, நாலு விரலுக்கும் சேர்த்து ஒன்று, பெருவிரலுக்குத் தனியே ஒன்று. வெட்டிய துண்டை வெளியில், காற்றோட்டத்தில் வைத்து சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் சூடாக்குங்கள். மினுக்கம் ஏறித் தோல்போலத் துவளும்போது வளைத்து, முழுதாக ஆறும்வரை கட்டி வையுங்கள். அவசரப்பட்டால் பழையபடி விரிந்துவிடும்.

விரல் தகட்டில்தான் பொறுமை வேண்டும். சுட்டுவிரல் பக்க ஓரத்தையும் சின்னவிரல் பக்க ஓரத்தையும் உள்ளே மடக்கி, கம்பு அமரும் அளவுக்குப் பிறைபோல வெட்டிவிடுங்கள். கம்பைப் பிடித்ததும் அந்த இரண்டு ஓரமும் கம்பில் முட்ட வேண்டும். விரலின் முதுகுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சென்ரிமீற்றர் விட்டு, அங்கே பழைய பாட்டாச் செருப்பின் அடியை மெல்லிதாகச் சீவி ஒட்டுங்கள். தகடுகளை மாட்டுத்தோல் பட்டியால் இணையுங்கள். இரும்பு ரிவெட் உப்புக்காற்றில் துருப்பிடித்து இற்றுப்போகும், செம்பு போடுங்கள்.

புறங்கைத் தகடு மணிக்கட்டுக்கு வரும்போது உடுக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் ஒடுங்கி, முழங்கைப் பக்கம் விரிய வேண்டும். கறுப்பு இளவரசன் என்று அழைக்கப்படும், 1376இல் இறந்த ஆங்கிலேய இளவரசன் எட்வர்டின் கைக்கவசம் கன்டர்பரி தேவாலயத்தில் இருக்கிறது. அதுவும் இதே உடுக்கு வடிவம்தான். மணிக்கட்டு சுழலவும் வேண்டும், மூடியிருக்கவும் வேண்டும் என்றால் வேறு வழியில்லை.

பெருவிரலை மறக்கவே வேண்டாம். தனியே நிற்பதால் அதற்குத்தான் அடி அதிகம். அதன் தகட்டைத் தோல் பட்டியில் தொங்கவிட்டால் பிடியோடு சேர்ந்து அசையும்.

போட்டதும் சோதியுங்கள். கம்பைப் பிடித்துக்கொண்டு, பழகியவர் ஒருவரை மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தால் சரி. விரலின் முதுகில் தெரிந்தால் ஓரம் கம்பில் முட்டவில்லை, திரும்பச் சூடாக்குங்கள்.

இதைப் போட்டுக்கொண்டு கம்பு வீசிச் சுழற்ற வராது. கால்வைக்கும் சுவடும் கம்பு வீச்சும் வெறுங்கையோடு பழகுங்கள். எதிரே ஆள் நிற்கும்போது மட்டும் கவசம். முடிந்ததும் உள்கையுறையைக் கழற்றி நிழலில் உலர்த்துங்கள்.