உளவியல் இறுதித் தேர்வு: தெரிந்த சொல்தான் காலை வாரும்

வேதியியலில் தெரியாத சொல் எதிர்ப்பட்டால், தெரியவில்லை என்பது அந்த நொடியே தெரிந்துவிடும். உளவியல் அவ்வளவு நேர்மையான பாடம் இல்லை. நினைவு, மறதி, தண்டனை, நம்பகத்தன்மை என்று எல்லாமே அன்றாடம் வாயில் புழங்கும் சொற்கள். “இதுதானே!” என்று பக்கத்தைப் புரட்டிவிடத் தோன்றும். மதிப்பெண் கசிவது பெரும்பாலும் அந்த “இதுதானே”வில்தான்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் எதிர்மறை வலுவூட்டல். எதிர்மறை என்றதும் கெட்டது என்று மனம் முடிவுகட்ட, கை தண்டனை என்று எழுதிவிடுகிறது. விளைவுகள் நடத்தையை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்ந்த ஸ்கின்னரின் கணக்கில் எதிர்மறை என்பது வெறும் கழித்தல் குறி. எந்தச் சூழலைக் கொடுத்தாலும் இரண்டு கேள்வி போதும். நடத்தை கூடுகிறதா, குறைகிறதா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. ஏதாவது சேர்ந்ததா, விலகியதா? சேர்ந்தால் நேர்மறை, விலகினால் எதிர்மறை. சீட் பெல்ட் போடும்வரை காரில் பீப் ஒலி கத்துகிறது, போட்டதும் நிற்கிறது. அடுத்த முறை ஏறியதுமே கை பெல்ட்டைத் தேடுகிறது. ஒலி விலகியது, நடத்தை கூடியது: எதிர்மறை வலுவூட்டல். தாமதமாக வந்தவரிடமிருந்து கைபேசியை வாங்கி வைத்ததால் தாமதம் குறைந்தால், அது எதிர்மறைத் தண்டனை. சேட்டை செய்யும் மாணவனை ஆசிரியர் திட்டுகிறார், வகுப்பே திரும்பிப் பார்க்கிறது, சேட்டை இன்னும் கூடுகிறது என்று வினா வந்தால்? திட்டுதான், ஆனால் விடை நேர்மறை வலுவூட்டல். விளைவைப் பார்க்காமல் திட்டின் கசப்பைப் பார்ப்பவர்கள் இங்கே விழுவார்கள்.

உணவோடு ஓர் ஒலியைச் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்து, பிறகு ஒலிக்கே நாய்க்கு உமிழ்நீர் ஊறவைத்த பாவ்லோவின் ஆய்விலும் இப்படி ஒரு பொறி உண்டு. உணவைக் கண்டு நாய்க்கு ஊறும் உமிழ்நீரும் ஒலி கேட்டு ஊறும் உமிழ்நீரும் ஒரே உமிழ்நீர்தான். ஆனால் முதலாவது இயற்கைத் துலங்கல் (தானாக எழும் எதிர்வினை), இரண்டாவது ஆக்கநிலையுறுத்தப்பட்ட துலங்கல் (பயிற்சியால் வந்த எதிர்வினை). பெயரை முடிவுசெய்வது எது வெளிவந்தது என்பதல்ல, எது அதைத் தூண்டியது என்பது. பயிற்சிக்கு முன், பயிற்சியின்போது, பயிற்சிக்குப் பின் என்று மூன்று வரி எழுதி, ஒவ்வொன்றிலும் தூண்டலையும் துலங்கலையும் குறித்துவிட்டால் குழம்பாது.

சொற்களைத் தனித்தனி அட்டையில் எழுதிப் படிப்பது பலரும் செய்கிற இன்னொரு தவறு. தேர்வு கேட்பது ஒரு சொல்லின் பொருளை மட்டுமல்ல. அதன் பங்காளியிடமிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பதையும்தான். ஆகவே ஒரே அட்டையில் இருவரையும் உட்கார வையுங்கள். எப்போதும் 2 கிலோ கூட்டிக் காட்டும் எடைக்கருவி மாறாமல் ஒன்றையே காட்டுவதால் அதற்கு நம்பகத்தன்மை உண்டு; உண்மை எடையைக் காட்டாததால் ஏற்புடைமை இல்லை. சமவாய்ப்பு மாதிரி என்பது யாரை ஆய்வுக்கு எடுப்பது என்பதைப் பற்றியது. சமவாய்ப்பு ஒதுக்கீடு, எடுத்தவர்களை எந்தக் குழுவில் போடுவது என்பதைப் பற்றியது. இரண்டு மாறிகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவில் -0.8 என்பது +0.5-ஐ விட வலுவானது. குறி திசையை மட்டுமே சொல்லும். அந்த -0.8 கூட எது எதற்குக் காரணம் என்று சொல்லாது.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற பெயரும் ஆளைத் திசைதிருப்பும். மனம் பல ஆளுமைகளாக உடைவது என்று எழுதிவிடாதீர்கள். அது வேறு கோளாறு. மனச்சிதைவின் முக்கிய அறிகுறிகள் மாயத்தோற்றம், மாயக்குரல், பிறழ்நம்பிக்கை, சிந்தனைச் சீர்குலைவு.

ஆய்வுகளில் பெயரையும் ஆண்டையும் உருப்போட்டுவிட்டு, என்ன கண்டார்கள் என்பதை விட்டுவிடுவார்கள். ஆண்டு தவறினால் போவது கொஞ்சம்தான், முடிவு தவறினால் விடையே போயிற்று. ஒவ்வோர் ஆய்வுக்கும் நோக்கம், முறை, முடிவு, அதன் பொருள், குறை என்று ஐந்து வரி வைத்துக்கொள்ளுங்கள். மில்கிராம், 1963: தவறான விடைக்கு இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும்படி ஆய்வாளர் கட்டளையிட்டார்; 40 ஆண்கள், 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். அந்த இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி உண்மையில் கொடுக்கப்படவில்லை; அதை உண்மை என்று அவர்கள் நம்பியதுதான் நெறிமுறை விமர்சனத்தின் அடிப்படை. கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்ன ஆஷின் ஆய்வை இதோடு சேர்த்துக் குழப்புவார்கள். அங்கே யாரும் கட்டளையிடவில்லை, சுற்றியிருந்தவர்கள் தவறான விடை சொன்னார்கள், அவ்வளவுதான். மில்கிராம் கீழ்ப்படிதல், ஆஷ் இணங்கிப்போதல்.

படிக்கும் முறைக்கு வருவோம். நினைவைப் பற்றிய பாடத்தை, நினைவைப் பற்றி அந்தப் பாடமே சொல்வதற்கு நேர்மாறாகப் படிப்பது விசித்திரம்தான். வண்ணப் பேனாவால் கோடிட்டுத் திரும்பத் திரும்ப வாசித்தால் பக்கம் பழகிப்போகும். பழகிய முகத்தின் பெயர் நாக்கில் வராமல் தவிப்பதுபோல, பழகிய பக்கமும் வெற்றுத்தாளின் முன் வராது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுவாசிப்புக் குழு 81 சதவீதமும், படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்த குழு 75 சதவீதமும் நினைவில் வைத்திருந்தன. ஒரு வாரம் கழித்து மறுவாசிப்புக் குழு 42-க்கு இறங்கிவிட்டது, மற்றது 56-இல் நின்றது. முதல் நாள் இரவு கிடைக்கும் தெம்பை நம்ப முடியாததற்கு இதுதான் காரணம்.

செய்ய வேண்டியது எளிது. ஓர் அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் 10 நிமிடம் நினைவிலிருப்பதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாள் சிவப்பு மட்டும். மூன்று நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் மறுபடி வெற்றுத்தாள். தேர்வுக்கு முந்தின இரவு தூக்கத்தை வெட்டாதீர்கள். பகலில் படித்தது நிலைப்பதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

தேர்வறையில் நடக்கும் பெரிய இழப்பு, சூழல் கொடுத்துக் கேட்ட வினாவுக்கு வரையறையை மட்டும் எழுதுவது. “கைபேசி எண்ணை மாற்றிய ஒருத்தி, கேட்டால் பழைய எண்ணையே சொல்கிறாள். விளக்குக.” முன்னோக்குத் தடை என்பது பழைய கற்றல் புதியதைத் தடுப்பது, என்று நிறுத்தினால் பாதி மதிப்பெண். பழைய எண் எது, புதிய எண் எது, எது எதைத் தடுக்கிறது, ஏன் இது பின்னோக்குத் தடை (புதியது பழையதைத் தடுப்பது) இல்லை என்று அவளுடைய எண்ணிலேயே எழுத வேண்டும். “மதிப்பிடுக” என்றால் ஆய்வை மூன்று வரிக்குள் முடித்து, மீதி இடத்தை வலுவுக்கும் குறைக்கும் கொடுங்கள். 90 நிமிடத்தில் 60 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். 12 மதிப்பெண் வினா 18 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. கொள்குறி வினாக்களில் நான்கு விடைகளையும் கையால் மறைத்து, முதலில் உங்கள் விடையை மனதில் சொல்லிவிட்டுக் கையை எடுங்கள். மறைக்காமல் படித்தால் நான்குமே தெரிந்த சொல்லாகத்தான் தெரியும்.