ஆங்கில ஃப்ரேசல் வெர்ப்: தலையை விட்டு வாலைப் பிடித்துப் படிப்பது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தது: ‘தர்ஸ்டே இன்ஸ்பெக்‌ஷன் இஸ் கால்ட் ஆஃப்.’ பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவன் நான். ‘கால்’ என்றால் கூப்பிடுவது, ஆக வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். பேக்கிங் செக்‌ஷனில் சொல்லி, ஒட்டி முடித்திருந்த அட்டைப் பெட்டிகளைப் பிரிக்க வைத்து, மேசை போட்டு, சாம்பிள் அடுக்கி, காலையிலிருந்து சாயங்காலம் வரை காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. ‘கால் ஆஃப்’ என்றால் ரத்து செய்வது. பிரித்த பெட்டிகளை மறுபடி ஒட்டி முடிக்க இரவு எட்டு மணி ஆனது. ஒரு அக்கா டேப்பைப் பல்லால் கடித்துக் கடித்து இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பஸ் போய்விட்டிருந்தது. அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அந்த வாரம்தான் ஃப்ரேசல் வெர்ப்பை, அதாவது வினையோடு (தலை) ஒரு சிறு சொல் (வால்) சேர்ந்து வேறு பொருள் தருகிற ஜோடியை, ஒழுங்காகப் படிப்பது என்று உட்கார்ந்தேன். முதலில் ஒரு வழியில் போய் ஒரு வருடம் வீணானது. அடுத்த வழியில் ஆறு மாதத்தில் மெயில் பயம் போனது. அந்த இரண்டாவது வழியை மட்டும் இங்கே எழுதுகிறேன். வினைச்சொல்லின் மூன்று வடிவமும் (கோ, வென்ட், கான் மாதிரி) உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இது நமக்கு மட்டும் இருக்கிற சிரமம் இல்லை. 1755-இல் வந்த ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் இதைச் சொல்லிவிட்டார்: வினைச்சொல்லோடு இப்படி ஒரு சிறு சொல் சேர்ந்து வேறு பொருள் தருவதுதான் வெளிநாட்டுக்காரர்களுக்கு மிகப் பெரிய சிரமம் என்று. அவர் எடுத்துக்காட்டிய ‘செட் அவுட்’ (பயணம் கிளம்புவது) இன்றைக்கும் அதே பொருளில்தான் இருக்கிறது.

படி 1: ஏற்கெனவே தெரிந்ததை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, தமிழ் பேசும்போது நாம் சாதாரணமாகச் சொல்கிறவற்றை வரிசையாக எழுதுங்கள். ‘இந்தப் பிளான் ஒர்க்கவுட் ஆகாது.’ ‘ஸ்டேஷன்ல வந்து பிக்கப் பண்ணிக்கோ.’ ‘ஃபைலை பேக்கப் எடுத்து வை.’ மேக்கப், செக்கப், செட்டப், பிரேக்கப், ஃபாலோ அப், லாகின், ஸ்விட்ச் ஆஃப், டேக் ஆஃப். ஷூட்டிங் முடிந்தால் ‘பேக்கப்’. எனக்கு 20-க்கு மேல் வந்தது. இவை எல்லாம் ஃப்ரேசல் வெர்ப்தான், அல்லது அதிலிருந்து வந்த பெயர்ச்சொல்.

உச்சரிப்பில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். பெயர்ச்சொல்லாக வந்தால் அழுத்தம் முதல் சொல்லில் விழும்: ‘செட்டப்’பில் ‘செட்’. வினையாக வந்தால் அழுத்தம் வாலுக்குப் போய்விடும்: ‘செட் அப்’பில் ‘அப்’. நாம் இரண்டையும் ஒரே மாதிரி சொல்கிறோம். அதனால் போனில் அவர்கள் சொல்வது சில சமயம் காதில் பிடிபடாமல் போகிறது.

படி 2: அர்த்தத்தைத் தமிழின் இரட்டை வினையில் எழுதுங்கள்

என் முதல் நோட்டில் ‘புட் ஆஃப்’ என்பதற்கு எதிரே ‘ஒத்திவை’ என்று எழுதியிருந்தேன், ‘லுக் ஆஃப்டர்’ என்பதற்கு எதிரே ‘பராமரி’. பத்து முறை படித்தும் மனதில் நிற்கவில்லை. ஒருநாள் வீட்டில் அம்மா போனில், ‘கல்யாணத்த ஆவணிக்குத் தள்ளிப்போட்டுட்டாங்க’ என்றார். தள்ளி என்பது ஆஃப், போடு என்பது புட். அப்படியே கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது. நம் மொழியில் வினை கடைசியில் வரும், அவர்கள் மொழியில் முதலில் வரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நோட்டையே மாற்றி எழுதினேன். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள். ‘பாட்டியைப் பார்த்துக்கோ’ என்றால் பாட்டியை வெறுமனே பார்ப்பதா? இல்லையே. ‘லுக்’கும் அங்கே அப்படித்தான். ‘கிவ் இன்’ என்றால் விட்டுக்கொடு. ‘கிவ் பேக்’ என்றால் திருப்பிக்கொடு. ‘ஃபைண்ட் அவுட்’ என்றால் கண்டுபிடி. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள். ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோ. ‘கெட் அலாங்’ என்றால் ஒத்துப்போ. பால் ‘கோஸ் ஆஃப்’ என்று இங்கிலாந்துக்காரர் சொன்னால் கெட்டுப்போகிறது. அங்கே கோ, இங்கே போ!

பள்ளிக்கூடத்தில் துணைவினை என்று படித்தோமே, அந்த அறிவு நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. ‘சாப்பிட்டுப் பார்’ என்பதில் உள்ள ‘பார்’ கண்ணால் பார்ப்பது இல்லை என்று எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காதோடு ஆங்கிலத்தைக் கேளுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. ‘போஸ்ட்போன்’ என்பது ஒத்திவைப்பது, ‘புட் ஆஃப்’ என்பது தள்ளிப்போடுவது. கோர்ட்டில் வழக்கை ஒத்திவைப்பார்கள், வீட்டில் பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவோம். எந்த இடத்தில் எதைச் சொல்வது என்பதையும் இந்த ஜோடியே காட்டிக்கொடுத்துவிடும். ஒப்பந்தம் எழுதும்போது ‘டாலரேட்’, ‘இன்வெஸ்டிகேட்’. தினசரி மெயிலில் அதே பொருளில் ‘புட் அப் வித்’, ‘லுக் இன்டு’.

படி 3: தலையை விட்டு வாலைப் பிடியுங்கள்

பெரும்பாலான பட்டியல்களில் ‘கெட்’ என்று போட்டு அதன் கீழே முப்பது, ‘டேக்’ என்று போட்டு முப்பது இருக்கும். நான் வீணாக்கிய அந்த ஒரு வருடம் இதில்தான் போனது. ஒரே தலையாக இருப்பதால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அப், ஆஃப், அவுட், ஆன் என்று வாலை வைத்துப் பிரியுங்கள்.

‘அப்’ பல இடங்களில் நம்முடைய ‘விடு’. ‘ஈட் அப்’ என்றால் சாப்பிட்டுவிடு, ‘யூஸ் அப்’ என்றால் தீர்த்துவிடு, ‘கிளீன் அப்’ என்றால் சுத்தம் செய்துவிடு. வேலை முழுதாக முடிகிற உணர்வு. ‘ஆஃப்’ என்றால் விலகுவது, அறுபடுவது: விமானம் தரையை விட்டு விலகினால் டேக் ஆஃப், ஆளை வேலையிலிருந்து விலக்கினால் லே ஆஃப், நிகழ்ச்சியை நாட்காட்டியிலிருந்தே விலக்கினால், ஆமாம், கால் ஆஃப். ‘அவுட்’ வெளிப்படுவது அல்லது காலியாவது: ஃபிகர் அவுட், செல் அவுட். ‘ஆன்’ நிற்காமல் தொடர்வது: கேரி ஆன், கீப் ஆன்.

எல்லாமே இதில் அடங்கிவிடாது. ‘தி லைட்ஸ் வென்ட் ஆஃப்’ என்றால் விளக்கு அணைந்தது. ‘தி அலாரம் வென்ட் ஆஃப்’ என்றால் அலாரம் அடித்தது. அடங்காததைத் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். என் நோட்டில் அந்தப் பக்கம் நான் பயந்த அளவுக்கு நிறையவில்லை.

படி 4: ‘இட்’ எங்கே உட்காரும்?

நான் அதிகம் தடுக்கியது இங்கேதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

‘டர்ன் ஆஃப் தி லைட்’ சரி. ‘டர்ன் தி லைட் ஆஃப்’ அதுவும் சரி. ஆனால் லைட் என்ற பெயரை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டால் ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டும்தான். ‘டர்ன் ஆஃப் இட்’ தவறு. இட், ஹிம், ஹெர், தெம் எல்லாவற்றுக்கும் இதே கதை. நான் மெயிலில் இரண்டு வருடம் ‘வி வில் சென்ட் பேக் இட்’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் திருத்தவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த க்யூசி (தரம் பார்ப்பவர்) ஒருவர்தான் ஒருநாள் என் பக்கத்தில் நின்று, திரையில் ‘இட்’டை விரலால் தொட்டு, இரண்டு சொல்லுக்கும் நடுவில் நகர்த்துகிற மாதிரி காட்டினார்.

சரி, எல்லாவற்றிலும் நடுவில் போடலாமா என்றால் அதுவும் கிடையாது. ‘லுக் இட் அட்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘லுக் அட் இட்’தான். அப்படியானால் எதில் நடு, எதில் கடைசி?

நான் கண்டுபிடித்துவைத்திருக்கிற சோதனை இது. வாலைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அது வேற்றுமை உருபாக மாறினால் ‘இட்’ கடைசியில். வினையின் பகுதியாகவே நின்றால் நடுவில். ‘வெயிட் ஃபார் இட்’ என்றால் அதற்காகக் காத்திரு. ஃபார் என்பது ‘க்காக’ ஆகிவிட்டது, உருபு, ஆக ‘இட்’ கடைசியில். ‘புட் இட் ஆஃப்’ என்றால் அதைத் தள்ளிப்போடு. ஆஃப் என்பது ‘தள்ளி’, வினையோடு ஒட்டியிருக்கிறது, ஆக ‘இட்’ நடுவில். நம் வினையும் இப்படி நடுவில் பிளக்கத்தானே செய்கிறது? ‘தள்ளித்தானே போட்டேன், வேண்டாம்னா சொன்னேன்?’ என்கிறோமே.

‘லுக் ஆஃப்டர்’ இந்தச் சோதனையில் தேறாது. ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்று அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மூன்று சொல் இருந்தால் பெரும்பாலும் கடைசிதான்: ‘புட் அப் வித் இட்’.

சந்தேகம் வந்தால் அகராதியில் ‘சம்திங்’ எங்கே நிற்கிறது என்று பாருங்கள். லாங்மேன் இணைய அகராதியில் இரண்டு பக்கமும் நகரக்கூடியதற்கு இருதலை அம்புக்குறி போட்டிருப்பார்கள். இதற்காகவே நான் லாங்மேனைத்தான் சொல்வேன். வெறும் ஆங்கிலம்-தமிழ் அகராதி ஆப் இந்த விஷயத்தில் உதவாது.

படி 5: வாரத்துக்கு ஐந்து போதும்

கோடு போடாத 40 பக்க நோட்டு ஒன்று. பக்கத்துக்கு ஒரு வால். ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் இரட்டை வினை, உங்கள் வேலையிலிருந்து ஒரு வாக்கியம். ‘தி ஷிப்மெண்ட் இஸ் ஹெல்ட் அப் அட் கஸ்டம்ஸ்’ என்றால் சரக்கு கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது மறக்கவே மறக்காது. நர்ஸாக இருப்பவருக்கு வார்டிலிருந்து ஒரு வாக்கியம் வேண்டும். ‘பிக் அப்’புக்கு அகராதியில் நிறைய அர்த்தம் இருக்கும். இன்று உங்களுக்குத் தேவையான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் பார்க்க ‘அங்கி’ (Anki) என்ற மென்பொருள் நல்லது, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் பதிலுமாக அட்டைகள் போட்டுப் படிக்கலாம். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்குக் காசு. அட்டையின் முன்பக்கம் தமிழ், பின்பக்கம் ஆங்கிலம் என்று போடுங்கள். மாற்றிப் போட்டால் படிக்க வரும், பேச வராது. காதுக்கு யூகிளிஷ் தளம்: தேடும் சொற்கள் வருகிற யூடியூப் துண்டுகளை எடுத்துக் காட்டும். ‘500 ஃப்ரேசல் வெர்ப்’ பட்டியல்களை டவுன்லோடு செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. என் அனுபவத்தில் முதல் இரண்டு பக்கத்தைத் தாண்டியதே இல்லை.

நம்மூர் ஆங்கிலத்தில் திருத்த வேண்டியவை

‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2009’ என்றால் நமக்குக் கல்லூரி முடித்தது. வெளியே அதன் முதல் பொருள் மயங்கி விழுந்தது. ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லிவிடுங்கள். ‘ஃபில் அப் தி ஃபார்ம்’ வேண்டாம், இங்கிலாந்தில் ‘ஃபில் இன்’, அமெரிக்காவில் ‘ஃபில் அவுட்’. ‘கோப் அப் வித்’ என்று ஒன்று கிடையாது, ‘கோப் வித்’ மட்டும்தான். ‘ரிட்டர்ன் பேக்’ தேவையில்லை, ‘ரிட்டர்ன்’ என்பதிலேயே திரும்புவது இருக்கிறது.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒருவர், ‘கெட் ஆஃப் தி பஸ்’ என்பதில் ‘ஆஃப்’ தானே இருக்கிறது, அப்படியானால் ‘கெட் இட் ஆஃப்’பா என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. தமிழில் சொல்லிப் பாருங்கள்: பஸ்ஸிலிருந்து இறங்கு. ‘இலிருந்து’ உருபு, ஆக ‘கெட் ஆஃப் இட்’. வாலின் பெயரைப் பார்க்காதீர்கள், அந்த வாக்கியத்தில் அது செய்கிற வேலையைப் பாருங்கள்.

இன்னும் இரண்டு பேர் கேட்டது ‘லுக்கிங் ஃபார்வர்டு டு’ பற்றி. மெயிலின் கடைசி வரியில் நம்மில் பலர் ‘லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று எழுதுகிறோம். ‘ஹியரிங்’ என்று வர வேண்டும். இங்கேயும் அதே சோதனைதான். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன் என்கிறோம். ‘டு’ இங்கே ‘ஐ’ உருபின் வேலையைச் செய்கிறது. உருபு பெயர்ச்சொல்லோடுதான் ஒட்டும், அதனால்தான் வினையைப் பெயராக்கும் ‘இங்’ வருகிறது. மெயிலின் கையெழுத்துப் பகுதியில் இந்த வரியைச் சேமித்து வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் போய் இப்போதே மாற்றிவிடுங்கள். ஒருமுறை மாற்றினால் இனி அனுப்புகிற எல்லா மெயிலிலும் சரியாகப் போகும்.