மொறிஸ் மைனருக்கு இலத்திரனியல் இக்னிஷன்

இலங்கைப் போரின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் மொறிஸ் மைனர் 1000-க்கு இரட்டைக் காபரேற்றர் பூட்டியபோது, வேகத்துக்கேற்ற மின்பொறியும் வேண்டும் என்று மனம் சொன்னது.

மாங்குளம் தாண்டி ஏ-9 வீதியில் வேகம் எடுத்தால் இயந்திரம் திக்கியது. மின்பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பொயின்றின் இடைவெளி 0.4 மில்லிமீற்றர், சரியாகத்தான் இருந்தது. ஆனால் சுருள்வில் தளர்ந்துவிட்டதால், அதிக வேகத்தில் பொயின்ற் துள்ளியது. அதைக் கழற்றிவிட்டுக் காந்த வளையமும் உணரியும் கொண்ட இலத்திரனியல் தொகுதியைப் பூட்டினேன்.

ஒன்றை முதலில் பாருங்கள்: இந்தப் பழைய கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். எதிர்முனைக்கென்று செய்த தொகுதியை அப்படியே இணைத்தால் எரிந்துவிடும். என்னுடையது நேர்முனைக்கென்றே செய்தது.

பூட்டிய பிறகும் திக்கல் போகவில்லை! இரண்டு நாள் உறக்கமில்லை. கடைசியில், மின்பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வெற்றிடக் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினேன்; உடனே இயந்திரம் இடறியது. உறிஞ்சும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அசையும் தட்டை உடலோடு இணைக்கும் சிறு பின்னல் கம்பி, துணி உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. தட்டு நகரும் நேரமெல்லாம் தொகுதிக்கு எர்த் இல்லை. பொயின்ற் இருந்த நாளிலேயே பாதித் திக்கல் இதனால்தான் வந்திருக்க வேண்டும்.

புதுக் கம்பி பற்றவைத்தேன். செப்புக் கம்பி பிளக் வயர்களை மாற்றி, மின்தடை உள்ளவை போட்டேன். செப்பின் மின்னிரைச்சல் உணரியைக் குழப்பும். பிறகு ஸ்ட்ரோப் விளக்கால் மின்பொறி விழும் நேரத்தைச் சரிசெய்தேன்.

மறுநாள் கிளிநொச்சி வரை ஒரு திக்கலும் இல்லை.