பாவசங்கீர்த்தனம் தள்ளிக்கொண்டே போகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவில் பலகையில் ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்று எழுதியிருக்கும். வீட்டில் பாட்டி ‘பாவசங்கீர்த்தனம்’ என்பார். குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதுதான் இரண்டும். பெயர் எதுவானாலும், “போகணும்னுதான் இருக்கேன், தோதுப்படலை” என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் கடலூர், புதுச்சேரிப் பக்கம் நிறையப் பேர். சிப்காட்டிலோ நெய்வேலியிலோ ஷிஃப்ட் வேலை, மாதத்துக்கு ஒரே ஒரு பூசை நடக்கும் கிளைக் கிராமம், படுத்த படுக்கையாக மாமியார் என்று காரணங்கள் எல்லாம் நிஜம்தான். ஆனால் துருவிக் கேட்டால் பெரும்பாலும் ஒன்று தெரியவரும்: சாமியாரிடம் வாய்விட்டு யாரும் கேட்டதே இல்லை.

ஞாயிறு பூசைக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நிற்பது

அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். அந்த நேரத்தில் பங்குச்சாமி பூசை உடுப்பு போட்டுக்கொண்டிருப்பார். ஒருவர் பூசைக் கருத்துப் பட்டியலோடு நிற்பார். முதல் வாசகம் வாசிக்க வேண்டியவர் இன்னும் வரவில்லை என்று பீடச்சிறுவன் ஓடிவந்து சொல்வான். “பூசை முடிஞ்சு வாங்க” என்பார். பூசை முடிந்ததும் அடுத்த ஊர்ப் பூசைக்கு பைக்கை எடுத்துவிடுவார். இப்படி இரண்டு முறை திரும்பி வந்தவர் மூன்றாம் முறை போவதில்லை.

வார நாள் காலைப் பூசை முடிந்த கையோடு போவது நல்லது. கூட்டம் இருக்காது, அவருக்கும் அவசரம் இருக்காது. பெரிய கோவில்களில் சனிக்கிழமை மாலைப் பூசைக்கு முன்பும் குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்காருவது வழக்கம். இரண்டுக்கும் வர முடியாத ஷிஃப்ட் என்றால் முந்தின நாள் போன் செய்யுங்கள். “ஃபாதர், பாவசங்கீர்த்தனம் பண்ணணும், நாளைக்கு மூணு மணிக்கு மேலதான் வர முடியும், இருப்பீங்களா?” இவ்வளவு போதும். என்ன பாவம், ஏன் அவசரம் என்றெல்லாம் போனில் விளக்க வேண்டாம்.

அவரைத் தொந்தரவு செய்கிறோமே என்ற கூச்சமும் வேண்டாம். 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 986-ஆம் எண், நியாயமாகக் கேட்கும் விசுவாசிகளின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க ஏற்பாடு செய்வதை ஆன்ம காரியப் பொறுப்பில் உள்ள குருக்களின் கடமையாகவே வைத்திருக்கிறது. மக்களுக்குத் தோதான நாளும் நேரமும் ஒதுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

கிளைக் கிராமத்தில் இருப்பவர்கள் உபதேசியாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். “இந்தத் தடவை ஆறு பேர் இருக்கோம், சாமி அரைமணி நேரம் முன்னால வந்தா நல்லாருக்கும்.” ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் ஆறு பேருக்கு அரைமணி சரியாக இருக்கும். சொல்லாமல் விட்டால் அவர் பூசை நேரத்துக்குத்தான் வருவார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தை நம்பிக் காத்திருப்பதும் இதே வகைத் தவறு. தவக்காலக் கடைசியில் பக்கத்துப் பங்குக் குருக்களும் வந்து உட்காருவார்கள், உண்மைதான். ஆனால் வரிசை வாசல் வரை நிற்கும். பல வருடக் கதையோடு வருகிறவருக்கு அது ஏற்ற நேரமில்லை. பெரிய வெள்ளியன்று பாவசங்கீர்த்தனம் கிடையாது என்று சிலர் சொல்வதும் தவறு. அன்று பூசைதான் இல்லை. பாவசங்கீர்த்தனமும், நோயாளிக்கு எண்ணெய் பூசும் நோயில்பூசுதலும் பெரிய வெள்ளி, பெரிய சனி இரண்டு நாளும் கொடுக்கலாம்.

‘எங்க ஃபாதருக்கு என்னைத் தெரியுமே’

தெரிந்தவரிடம் சொல்லக் கூச்சமாக இருப்பது இயல்பு. சின்ன ஊரில் பங்குச்சாமிதான் பிள்ளைக்கு பள்ளிக்கூட சீட்டுக்குக் கடிதம் கொடுப்பவர், அன்பியக் கூட்டத்துக்கு வீட்டுக்கே வருபவர். அதற்காகப் போகாமலே இருந்துவிடுவதுதான் தவறு. யாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது என்பது உங்கள் விருப்பம். 991-ஆம் எண் சட்டம் அதை உறுதியாகவே சொல்கிறது. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. மிஷன் வீதியில் சம்பா கோவில், ரயில் நிலையம் அருகே திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா, துய்மா வீதியில் கப்ஸ் கோவில் என்று முகம் தெரியாத இடங்கள் இருக்கின்றன. புதுச்சேரிக்காரர்கள் அதேபோலக் கடலூருக்கோ வில்லியனூருக்கோ போகலாம். கிளம்பும் முன் நேரத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு குறுக்குவழியைச் சிலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரியதை வெளியூர்க் குருவிடமும் சின்னதை உள்ளூர்க் குருவிடமுமாகப் பிரித்துச் சொல்வது. ஒரு பாவசங்கீர்த்தனத்தில் தெரிந்தே ஒரு சாவான பாவத்தை, அதாவது கனமான காரியத்தில் அறிந்தே மனம் ஒப்பிச் செய்த பாவத்தை, மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது. சொன்ன மற்றவையும் மன்னிக்கப்படுவதில்லை. மறந்துபோவது வேறு. மறந்தது மன்னிக்கப்பட்டாயிற்று, நினைவு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும்.

குரு வெளியே சொல்லிவிடுவாரோ என்ற பயத்துக்கு இடமே இல்லை. பாவசங்கீர்த்தன ரகசியம் என்ற முத்திரையை நேரடியாக உடைக்கும் குரு அந்தக் கணமே திருச்சபைக்கு வெளியே தள்ளப்படும் தண்டனைக்கு ஆளாகிறார். வரிசையில் நின்று தற்செயலாகக் காதில் வாங்கியவருக்கும் ரகசியம் காக்கும் கடமை உண்டு. ஆகவே உங்களுக்கு முன்னால் இருப்பவரிடமிருந்து நாலடி தள்ளி நில்லுங்கள். பின்னால் நெருக்குகிறவரைத் தள்ளி நிற்கச் சொல்வதிலும் தப்பில்லை.

கருக்கலைப்புக்கு பிஷப்பிடம்தான் போக வேண்டும் என்று நினைத்துப் பல வருடம் வாயைத் திறக்காமல் இருக்கும் பெண்கள் உண்டு. 2016 நவம்பரில் போப் பிரான்சிஸ் அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் கொடுத்துவிட்டார்.

போனிலும் கூட்டத்திலும் தீர்த்துக்கொள்ளப் பார்ப்பது

போனிலோ வீடியோ அழைப்பிலோ பாவசங்கீர்த்தனம் செல்லாது. சவுதியில் இருக்கும் மகனுக்காக அம்மா ஊர்ச் சாமியாரிடம் போனைக் கொடுத்தால் அவர் ஆறுதல் சொல்லலாம், செபிக்கலாம். பாவமன்னிப்பு கொடுக்க முடியாது. பாவங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள். அங்கே எந்த முத்திரையும் உங்களைக் காக்காது.

பூசைத் தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கை அற்பப் பாவங்களுக்குப் பலன் தரும். சாவான பாவத்துக்கு ஈடாகாது. தவக்காலத்தில் நடக்கும் பொது ஒப்புரவு வழிபாடும் அப்படித்தான். பாட்டும் வாசகமும் முடிந்து, தனித்தனியாகக் குருவிடம் போய்ச் சொல்வதுதான் அதன் மையம். அந்த இடத்தில் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடியும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு இங்கிருந்து நடந்து போகிறவர்கள், “அங்க போய்ப் பார்த்துக்கலாம்” என்று வைத்துக்கொள்வார்கள். அங்கே கால் வைக்க இடமிருக்காது. கூட்டம் அதிகம் என்பதற்காக எல்லோருக்கும் மொத்தமாகப் பாவமன்னிப்பு கொடுக்க முடியுமா என்றால் முடியாது. திருவிழா, திருயாத்திரைக் கூட்டம் மட்டும் அதற்குப் போதுமான காரணமல்ல என்று 961-ஆம் எண் சட்டம் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. மூழ்கும் படகு போன்ற உடனடிச் சாவு ஆபத்தில் கொடுக்கலாம். அப்போதும் பிழைத்து வந்தவர் தன் சாவான பாவங்களைப் பிறகு தனியாகச் சொல்ல வேண்டும். நடைக்குக் கிளம்பும் முன்பே சொந்த ஊரில் முடித்துக்கொண்டால் வெடித்த பாதத்தோடு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

நன்மை வாங்குவது பற்றிய இரண்டு எதிரெதிர்த் தவறுகள்

ஒருபக்கம், ஒவ்வொரு முறையும் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை (நற்கருணை) வாங்கக் கூடாது என்று பழைய ஆட்கள் பிடிவாதமாக இருப்பார்கள். சாமி மாதம் ஒருமுறை வரும் ஊரில் இதனால் வருடம் முழுக்க நன்மை வாங்காமலே இருப்பவர்கள் உண்டு. சாவான பாவம் மனசில் இருந்தால்தான் அந்தத் தடை. மருமகளிடம் எரிந்து விழுந்தது, செபத்தில் பராக்குப் பார்த்தது போன்றவற்றைச் சொல்வது நல்லது, ஆனால் சொல்லாததால் நன்மை தடைபடாது.

மறுபக்கம், “மனசுக்குள்ள கடவுள்கிட்ட சொல்லிட்டேன்” என்று நேராக நன்மைக்குப் போவது. சாவான பாவத்தோடு இருப்பவர் பாவசங்கீர்த்தனம் இல்லாமல் நன்மை வாங்க 916-ஆம் எண் சட்டம் இரண்டு நிபந்தனை வைக்கிறது: கனமான காரணம் இருக்க வேண்டும், பாவசங்கீர்த்தனத்துக்கு வாய்ப்பும் இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால்கூட உத்தம மனஸ்தாபம் வேண்டும். மகள் கல்யாணப் பூசையில் எல்லோரும் போகும்போது நாம் மட்டும் உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள் என்று வாங்கக் கிளம்புகிறவர், முந்தின நாள் மாலை ஒத்திகைக்கு வந்த குருவிடம் கேட்டிருக்கலாம்.

உத்தம மனஸ்தாபம் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நரகத்துக்குப் பயந்து வருந்துவது பாவசங்கீர்த்தனத்துக்குப் போதும். ஆனால் அது உத்தம மனஸ்தாபம் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கடவுளை நேசித்து, அவரை நோகடித்தேனே என்று வருந்துவது, கூடிய சீக்கிரம் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியோடு வருந்துவது, இதுதான் உத்தம மனஸ்தாபம். அது சாவான பாவத்தையும் உடனே போக்கும். 2020 மார்ச்சில், கொரோனா காலத்தில், வத்திக்கானின் அப்போஸ்தலிக்கப் பாவமன்னிப்புத் தீர்ப்பாயம் இதையே நினைவூட்டியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் அடித்த மாதிரி, மரம் விழுந்து சாலை எல்லாம் அடைபட்டுக் கிடக்கும் நாளில் இது போதும். சாலை திறந்தபிறகு அந்த உறுதியை நிறைவேற்றாமல் விடுவதுதான் அடுத்த தவறு.

நோயாளிக்குக் கடைசி நேரத்தில் ஆள் அனுப்புவது

இங்கேதான் அதிகம் இழக்கப்படுகிறது. “சாமியாரைக் கூப்பிட்டா அவர் பயந்துடுவார்” என்று வீட்டார் தள்ளிப்போடுகிறார்கள். அவர் வரும்போது நோயாளிக்கு நினைவில்லை. நினைவிழந்தவருக்கு நோயில்பூசுதல் கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாத நிலையில், மனஸ்தாபம் இருந்தால் அது பாவங்களையும் போக்கும். ஆனால் இறந்தபிறகு எந்த அருட்சாதனமும் இல்லை, செபம் மட்டும்தான். பேச்சு இருக்கும்போதே கூப்பிடுங்கள். பெரிய ஆபரேஷன் என்றால் வார்டில் இருக்கும்போதே, தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் கூப்பிட வேண்டும். முதியவர் தளர்ந்துவிட்டாலே நோயில்பூசுதல் பெறலாம். உடல்நிலை மோசமானால் மறுபடியும் பெறலாம்.

கடலூர்க்காரர் ஜிப்மரில் படுத்திருந்தால் கடலூர்ச் சாமியார்தான் கோரிமேடு வரை வர வேண்டும் என்பதில்லை. அருகில் இருக்கும் பங்கைக் கேளுங்கள். சாவு ஆபத்தில் எந்தக் குருவும், பாவசங்கீர்த்தனம் கேட்க அனுமதி இல்லாதவர்கூட, செல்லும்படியாகப் பாவமன்னிப்பு கொடுக்கலாம். அருட்சகோதரியோ திருத்தொண்டரோ செபிக்கலாம், நன்மை கொண்டுவரலாம். பாவசங்கீர்த்தனமும் நோயில்பூசுதலும் குருவால் மட்டுமே முடியும்.

போனில் இவற்றைச் சொல்லுங்கள்: நோயாளி பெயர், வார்டு, கட்டில் எண், நினைவு இருக்கிறதா, பேச முடிகிறதா, விழுங்க முடிகிறதா, உள்ளே விடும் நேரம். விழுங்க முடியுமா என்பது முக்கியம். நன்மை கொண்டுவருவதா என்று அவர் அதை வைத்துத்தான் முடிவுசெய்வார். வாசலில் பாஸ் கேட்டு அவரை நிறுத்தாமலிருக்க ஒருவர் கீழே போய்க் காத்திருங்கள். வீடு என்றால் சின்ன மேசை, வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுவத்தி வையுங்கள். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் மெழுகுவத்தி ஏற்றவே கூடாது.

பிறகு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். மகளும் வேண்டாம். “அப்பாவுக்குக் காது கேக்காது ஃபாதர், நான் சொல்றேன்” என்று கூடவே நிற்கிறவர்கள்தான் பல நோயாளிகளின் வாயை அடைக்கிறார்கள். காது கேட்காதவர் எழுதிக் காட்டலாம். குழாய் பொருத்தியிருப்பவர், குரு கேட்கக் கேட்கத் தலையசைக்கலாம், கையை அழுத்தலாம். முடிந்த அளவு சொன்னால் போதும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நோயாளியே விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். அவருக்கும் ரகசியக் கடமை உண்டு. சிப்காட்டில் வேலைபார்க்கும் ஜார்கண்ட் இளைஞர்களும், பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்து தமிழ் தடுமாறும் பேரப்பிள்ளைகளும்கூட இந்த வழியைப் பயன்படுத்தலாம்.

உள்ளே போனபிறகு

மந்திரம் மறந்துவிட்டது என்பது போகாமலிருக்கக் காரணமல்ல. “ஃபாதர், பன்னெண்டு வருஷம் ஆச்சு, எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை” என்று சொல்லுங்கள், அவர் கேட்டு நடத்துவார். சாவான பாவங்களுக்கு வகையும் எண்ணிக்கையும் வேண்டும்: “மூணு வருஷமா, மாசத்துக்கு ரெண்டு தடவை” என்றால் போதும். கதை வேண்டாம், நாத்தனார் செய்த பாவமும் வேண்டாம். தாளில் எழுதிக்கொண்டு போகலாம். முடிந்ததும் கிழித்துப் போடுங்கள், பெஞ்சில் விட்டுவிட்டு வராதீர்கள்.

பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்டு கோவிலில் சரிப்படுத்தாதவர்கள் முதலில் வரிசையில் நிற்காமல் பங்கு அலுவலகத்தில் ஒரு நாள் பேசுங்கள். பல திருமணங்களைச் சரிப்படுத்த வழி உண்டு. அது முடிந்தால் பாவசங்கீர்த்தனமும் எளிதாகும்.

கடைசியாக, அபராதம். இரவு ஷிஃப்டில் இருப்பவருக்கு ஒன்பது நாள் காலைப் பூசை, முழங்கால் தேய்ந்தவருக்கு முழந்தாளிட்டுச் சிலுவைப்பாதை என்று கிடைத்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். குரு வேறு கொடுப்பார். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நாமாக அதை மூன்று அருள் நிறை மந்திரமாகச் சுருக்கிக்கொள்ள முடியாது. மாற்ற வேண்டுமானால் மறுபடியும் ஒரு குருவிடம்தான் கேட்க வேண்டும்.