எந்த மாதம் இலை உதிரும்?

வீட்டு முற்றத்துக்கு இலையுதிர் மரம் வாங்குவோர் பெரும்பாலும் பூவைப் பார்த்தே மயங்குகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, இலை எப்போது உதிரும் என்பதைத்தான். புங்கன் கோடை முற்றுமுன் உதிர்த்து, சில வாரங்களில் பளபளவெனத் தளிர்த்துவிடும். சித்திரை வெயிலுக்கு நிழல் தயார். சரக்கொன்றை நேர்மாறு. வெயில் ஏறும்போது இலையைக் கொட்டிவிட்டு மஞ்சள் சரமாய்த் தொங்கும். ஆகவே புங்கனை மேற்குச் சுவர்ப் பக்கமும், கொன்றையை வாசல் ஓரமும் வையுங்கள்.

மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றை (குல்மோகர்) வேண்டாம் என்பேன். மேலோட்டமான வேர், பலத்த காற்றுக்குச் சாய்ந்துவிடும். இலவு தோப்புக்குத்தான் சரி. முற்றத்தில் வைத்துப் பஞ்சு பறந்தால், அடுத்த வீட்டாரோடு சண்டை நிச்சயம்!

சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி, ஐப்பசி மழையோடு நடுங்கள். உதிரும் சருகை எரிக்காதீர்கள். மரத்தடியிலேயே மூடாக்காகப் பரப்புங்கள்.