டொராண்டோவிலிருந்து திருவொற்றியூர் வரை: தொலைவும் நேரமும்

டொராண்டோவுக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 13,400 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் பதினைந்து மணி நேரம் என்று கணக்குப் போட்டு, வந்திறங்கும் நாளிலேயே குழந்தைக்குக் காதுகுத்து வைத்துக்கொள்ளும் குடும்பங்களை வடசென்னையில் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு சரிவராது. லண்டன், பிராங்பர்ட், துபாய், தோகா, டெல்லி என ஏதேனும் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டியிருப்பதால், காத்திருப்பையும் சேர்த்தால் பயணம் பெரும்பாலும் இருபது மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

இதைவிடப் பெரிய குழப்பம் தேதியில்தான் வருகிறது. சென்னை நேரம் டொராண்டோவைவிடக் குளிர்காலத்தில் பத்தரை மணியும், கோடையில் ஒன்பதரை மணியும் முந்தியிருக்கும். ஒரு ஜனவரியில் என் அத்தை மகன், "வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதுக்குக் கெளம்புறோம் மாமா" என்று மட்டும் சொல்லியிருந்தார். அப்பா ஒரு நாளைக் கூட்டி, சனிக்கிழமை இரவு உணவை முடித்த கையோடு தண்டையார்பேட்டையிலிருந்து புறப்பட்டு, பேரப்பிள்ளைக்கென்று பிளாஸ்கில் வெந்நீருடன் மீனம்பாக்கத்தில் கம்பித் தடுப்போரம் விடிய விடிய நின்றிருந்தார். இருபத்திரண்டு மணி நேரப் பயணம் முடிந்து அவர்கள் இறங்கியபோது ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை. ஆகவே, புறப்படும் நேரத்தைச் சொல்வதைவிட, சென்னையில் இறங்கும் தேதியையும் கிழமையையும் மணியையும் சென்னை நேரப்படி எழுதி அனுப்புங்கள். காத்திருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்.

டெல்லி வழியாக வந்து உள்நாட்டு விமானம் ஏறுவோருக்குக் குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் டெல்லியிலேயே நடக்கும். பெட்டிகளையும் அங்கேயே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருப்பதால், நான்கு மணி நேரமாவது இடைவெளி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு விமானங்களையும் ஒரே பயணச்சீட்டில் எடுங்கள். முதல் விமானம் தாமதமானாலும் அடுத்த விமானத்தில் இடம் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தைச் சேரும்.

மீனம்பாக்கத்திலிருந்து வடசென்னை வரையிலான கடைசி முப்பது கிலோமீட்டரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோவின் நீல வழித்தடம் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, விமான நிலையத்திலேயே ஏறி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கிவிடலாம். காசிமேட்டுக்கும் ராயபுரத்துக்கும் போகிறவர்கள் தியாகராயா கல்லூரி நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். அதிகாலை ஐந்து மணிக்கு முன்னால் வெளியே வந்தாலும், கைக்குழந்தையும் நான்கு பெட்டிகளும் இருந்தாலும் கால் டாக்சியே வசதி. சாலை வழி வருவோர் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையை மனத்தில் வைத்து, கூடுதலாக முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

காதுகுத்து, சீமந்தம் போன்ற விசேஷங்களை வந்திறங்கிய மூன்றாம் நாளுக்குப் பிறகு வையுங்கள். முதல் இரண்டு இரவுகளும் குழந்தைகள் இரண்டு மணிக்கே பசியோடு எழுந்துவிடுவார்கள் என்பதால், இட்லி மாவும் பாலும் வீட்டில் தயாராக இருக்கும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.